எல்லா சாக்கெட்டையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?

பழைய ஆர்கேட் கேம் போர்டு ஒன்று வேலை செய்யவில்லை என்று விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள். போர்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பதில் வரும்: "மொதல்ல சாக்கெட் எல்லாத்தையும் மாத்திடு. அப்புறம் பாத்துக்கலாம்." சொல்பவர் பெரும்பாலும் நல்லவர், அனுபவசாலி, நம் மேல் அக்கறை உள்ளவர். அந்த அறிவுரையை அப்படியே கேட்டு ஒரு போர்டைப் பாழாக்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி. 1978ல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980ல் நாம்கோவின் பேக்-மேன் என்று ஜப்பானிலிருந்து கிளம்பி அமெரிக்கா முழுக்கப் பரவியவை இந்தக் காசு போட்டு விளையாடும் ஆளுயரப் பெட்டிகள். பெட்டிக்குள் ஒரு மானிட்டர், ஒரு பவர் சப்ளை, ஒரு பெரிய சர்க்யூட் போர்டு. விளையாட்டு என்பது அந்த போர்டுதான். பேக்-மேன் போர்டின் மூளை ஓர் இசட்80 பிராசஸர். வேகம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். மொத்த நிரலும் நான்கு ரோம் சிப்களில், சிப்புக்கு 4 கிலோபைட் வீதம் 16 கிலோபைட்டில் அடங்கிவிடும். நான் ஆபீஸில் ஒரு பட்டனுக்குப் போடும் படம் இதைவிடப் பெரிது.

இந்த ரோம்களையும் பிராசஸரையும் போர்டில் நேராக ஈயம் வைத்து ஒட்டியிருக்க மாட்டார்கள். போர்டில் ஒட்டியிருப்பது சாக்கெட். சிப் அதன்மேல் செருகப்பட்டிருக்கும். சிப்பின் ஒவ்வொரு காலையும் சாக்கெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன உலோகத் தகடு பிடித்துக்கொள்ளும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரச்சினை செய்வது இந்தத் தகடுகள்தான், அல்லது அவைதான் செய்கின்றன என்று நாம் நம்புகிறோம். இந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

எதிர்த் தரப்பின் வாதத்தை முதலில் ஒழுங்காக வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அது பலமான வாதம். அந்தக் காலத்து மலிவு சாக்கெட்டுகளில் காலின் ஒரு பக்கத்தை மட்டும் தொடும் ஒற்றைத் தகடுதான் இருக்கும். தகட்டின் மேல் வெள்ளீயப் பூச்சு. மெஷினை ஆன் செய்தால் போர்டு சூடாகிறது, ஆஃப் செய்தால் ஆறுகிறது. ஒவ்வொரு முறையும் காலும் தகடும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒன்றின்மேல் ஒன்று உரசுகின்றன. உரசும் இடத்தில் பூச்சு தேய்ந்து, தேய்ந்த துகள் காற்றில் ஆக்ஸைடாகி, மின்சாரம் போகாத ஒரு பொடியாக அங்கேயே சேருகிறது. தகடும் நாளாக நாளாக விறைப்பு இழக்கிறது. சில சிப்களின் கால்களில் அந்தக் காலத்தில் வெள்ளிப் பூச்சு கொடுத்தார்கள். அது காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்துப் போகிறது. இத்தனையும் உண்மை. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி சிப் மெல்ல சாக்கெட்டைவிட்டு மேலே ஏறுவதும் உண்மை. 1980ல் வந்த ஆப்பிள் III கம்ப்யூட்டரில் சிப்கள் கிளம்பிவிடுகின்றன என்று, மெஷினைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள் என பயனர்களுக்குச் சொல்லப்பட்ட கதை கணினி வரலாற்றில் பிரசித்தம்.

ஆக, பழைய சாக்கெட் கெட்டுப்போகும் என்பதை நான் மறுக்கவில்லை. சாக்கெட் கெட்டுப்போகும் என்பதிலிருந்து எல்லா சாக்கெட்டும் கெட்டிருக்கிறது என்பதற்கும், அதிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கு என்பதற்கும் ஒரே மூச்சில் தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. இங்கே எலி இருக்கிறதா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து 'வேலை செய்யாது' என்று சொல்லியே விற்கப்பட்ட ஒரு மிஸ் பேக்-மேன் போர்டை வாங்கினேன். எனக்கு இந்த விளையாட்டோடு சிறுவயது நினைவு எதுவும் கிடையாது. போர்டு எனக்கு முன்னால் பிறந்தது. முதலில் விளையாடியதே கல்லூரி விடுதியில், லேப்டாப்பில், எமுலேட்டரில். 16 கிலோபைட்டில் இவ்வளவு செய்தவர்களின் கையெழுத்தை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் போர்டு வாங்க வைத்தது.

மின்சாரம் கொடுத்ததும் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள். ஒரு நொடிக்குள் அது கலைந்து வேறு குப்பை. மறுபடி வேறு குப்பை. இந்த போர்டில் வாட்ச்டாக் என்றொரு காவல் சர்க்யூட் உண்டு. பிராசஸர் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று அதற்குத் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். குப்பை மாறி மாறி வருகிறது என்றால் பிராசஸர் நிரலை ஓட்ட முடியாமல் திரும்பத் திரும்ப விழுகிறது என்று அர்த்தம். சிப்களை அமுக்கிப் பார்த்தேன். இரண்டு முறை தலைப்புத் திரை வந்து போனது. "பாத்தியா, சாக்கெட்தான்" என்றது எனக்குள் இருந்த அனுபவசாலி.

ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்தேன். மெயின் போர்டில் நான் மாற்றியவை ஏழு சாக்கெட்டுகள்: பிராசஸருக்கு உரிய 40 கால் சாக்கெட், நிரல் ரோம்களுக்கு நான்கு, படங்களுக்கான ரோம்களுக்கு இரண்டு, இந்த ஆறுக்கும் தலா 24 கால். கூட்டிப் பாருங்கள், 184 துளைகள். ஒவ்வொன்றிலும் அயர்னை வைத்து, ஈயத்தை உருக்கி, பம்பால் உறிஞ்சி, சாக்கெட்டைக் கழற்றி, புதியதை வைத்தேன். ஞாயிறு இரவு ஆன் செய்தால் அதே குப்பை. அதே ரீசெட்.

தொழிற்சாலை மெஷின்களின் போர்டுகளைப் பழுது பார்த்தே தலை நரைத்த ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். அவருக்கு போன் போட்டுப் புலம்பினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சிப் கால்ல அஞ்சு வோல்ட் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே. சப்ளைல 5.05 காட்டுது."

"சப்ளைய யாரு கேட்டா? சிப் கால்லன்னு கேட்டேன்."

மீட்டரை எடுத்து இசட்80யின் 11ஆம் காலில் வைத்தேன். 4.52. இந்தப் பிராசஸருக்கு 4.75க்குக் கீழே போனால் எதுவும் உத்தரவாதமில்லை. பவர் சப்ளையிலிருந்து போர்டுக்குள் மின்சாரம் நுழையும் விளிம்பு கனெக்டரில் இரண்டு செம்புப் பட்டைகள் கருகியிருந்தன. இந்த போர்டுகளில் அது சகஜமான நோய். அரை வோல்ட் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. நான் சிப்பை அமுக்கியபோது தலைப்புத் திரை வந்தது எப்படி? சிப்பை அமுக்கியபோது போர்டு முழுக்க வளைந்தது. கனெக்டர் ஒரு கணம் சரியாகத் தொட்டது. அவ்வளவுதான்.

"மாத்துறதுக்கு முன்னாடி அளந்திருக்கலாமே?" என்றார் அண்ணன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கனெக்டரைச் சரிசெய்தேன். ஐந்து வோல்ட் வந்தது. குப்பை போனது. ஆனால் இப்போது பேய்களின் உருவம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. பத்து நிமிடம் ஓடியதும் ரீசெட். இந்த இரண்டும் போர்டு என்னிடம் வந்தபோது இருந்த நோய்களா, நான் கொடுத்தவையா? இதற்கான பதில் எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது, இனி தெரியவும் போவதில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். இந்த போர்டுகள் இரண்டு பக்கமும் செம்புக் கோடுகள் ஓடுபவை. துளையின் உட்சுவரில் ஒரு மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். மேல் பக்கத்தையும் கீழ் பக்கத்தையும் அந்த இடத்தில் இணைக்கும் பாலம் அது மட்டுமே. சூடு கொஞ்சம் அதிகமானாலோ, ஈயம் முழுக்க உருகுவதற்குள் அவசரப்பட்டு இழுத்தாலோ, பூச்சு பின்னோடு சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். மேலே செம்புக் கோடு பெயர்ந்துவிடும். உங்கள் கை ஒரு துளையைச் சேதமில்லாமல் எடுக்கும் வாய்ப்பு 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கைதான். ஆனால் 184 துளையும் தப்பிக்கும் வாய்ப்பு என்ன? 0.99ஐ 184 முறை பெருக்குங்கள். ஏறக்குறைய 16 சதவீதம். கை இன்னும் தேர்ந்தது, 99.9 சதவீதம் என்றால்கூட 83தான். அதே கை, சந்தேகத்துக்குரிய அந்த ஒரு 40 கால் சாக்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் 96.

பல ஆயிரம் சாக்கெட் பார்த்தவர், வெற்றிட பம்ப் வைத்த நல்ல டீசால்டரிங் ஸ்டேஷன் உள்ளவர், இந்தக் கணக்கு தனக்குப் பொருந்தாது என்பார். அவருக்குப் பொருந்தாதுதான். ஆனால் அவர் அறிவுரை சொல்வது அவரைப் போன்ற இன்னொருவருக்கு இல்லையே. முதல்முறை அயர்ன் பிடிக்கும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்குத்தானே சொல்கிறார்? தன் கைக்குச் சரியாக வரும் வைத்தியத்தைக் கை பழகாதவனுக்கு எழுதிக் கொடுக்கிறார்.

செம்புக் கோட்டைக்கூடக் கம்பி வைத்து ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டியிருக்கிறேன், போர்டின் பின்பக்கம் ஒன்பது நீலக் கம்பிகள் ஓடுகின்றன. என்னைத் தூங்கவிடாதது வேறு. மொத்தமாக மாற்றுவதில் துப்பு அழிந்துபோகிறது. நோய் எங்கே இருந்தது என்று காட்டக்கூடிய எல்லாமே போர்டில் இருந்தது. எந்த சாக்கெட் தொழிற்சாலையில் வைத்தது, எது பின்னால் யாரோ பழுது பார்க்கும்போது வைத்தது, எந்தச் சிப்பை எத்தனை முறை பிடுங்கிச் செருகியிருக்கிறார்கள், எந்தக் கால் கறுத்திருக்கிறது. ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு போர்டு ஓடியிருந்தால்கூட ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த நோய் எங்கள் தொழிலில் நன்றாகப் பழக்கம். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்பதில் தொடங்கி, "இந்தப் பழைய கோடைத் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேருந்து எழுதிடலாம்" என்பதில் முடியும். இரண்டிலும் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: புரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஏதோ செய்துகொண்டே இருப்பதால் வேலை செய்வதுபோலவும் இருக்கும். 184 துளையை எடுப்பது கடுமையான உழைப்பு. மீட்டரை ஒரு காலில் வைப்பது ஐந்து நொடி வேலை. அந்தக் கடுமையான உழைப்பை எளிய வழியாகத் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது தெரிகிறது.

இதைப் படித்துவிட்டுக் கைதட்டத் தயாராக எதிர்முனையில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். அவர்களையும் விட்டுவைக்க முடியாது. 'ஒரிஜினல்' கூட்டம். தொழிற்சாலையில் வைத்த எதையும் தொடாதே, சாக்கெட் உட்பட. புதிய சாக்கெட் வைத்தால் போர்டின் கற்பு போய்விட்டது என்பதுபோல் பேசுவார்கள். இவர்களுக்கு மிஸ் பேக்-மேன் எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எம்ஐடி படிப்பைப் பாதியில் விட்ட சில இளைஞர்கள் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம் நடத்தினார்கள். அடுத்தவர் செய்த கேம்களை மாற்றும் கிட்களைச் செய்வதுதான் தொழில். அட்டாரியின் மிஸைல் கமாண்டுக்கு ஒரு கிட் செய்து, அட்டாரி வழக்குப் போட்டு, வழக்கு சமரசத்தில் முடிந்தது. அடுத்து பேக்-மேனில் கை வைத்தார்கள். போர்டின் சாக்கெட்டிலிருந்து இசட்80யைப் பிடுங்கினார்கள். காலியான சாக்கெட்டில் ஒரு பட்டைக் கேபிளைச் செருகினார்கள். கேபிளின் மறுமுனையில் ஒரு குட்டி போர்டு, அதில் பிடுங்கிய இசட்80யும் புதிய ரோம்களும். பழைய நிரல் ஓட ஓட, வேண்டிய இடத்தில் இந்தக் குட்டி போர்டு குறுக்கே புகுந்து தன் வரிகளைக் கொடுக்கும். அமெரிக்காவில் பேக்-மேனை வெளியிட்ட மிட்வேயிடம் அதைக் காட்டினார்கள். 1982ல் அது மிஸ் பேக்-மேன் ஆனது.

அந்த இசட்80 போர்டில் நேராக ஒட்டப்பட்டிருந்தால், பிடுங்கிச் செருகும் இந்தக் கிட்டை யார் விற்றிருக்க முடியும்? சாக்கெட் என்பதே 'இதை மாற்ற வேண்டி வரலாம்' என்று தொழிற்சாலை ஒப்புக்கொண்ட இடம். நிரலில் கடைசி நிமிடத் திருத்தம் வரலாம், சிப் செத்துப் போகலாம், இதே போர்டை நாளை வேறு கேமாக மாற்றி விற்கலாம். 1997ல் தொடங்கிய மேம் எமுலேட்டருக்காக ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான கேம்களின் ரோம்களைப் படித்து வைத்தார்களே, நான் விடுதியில் விளையாடியதும் அதில்தானே, அதிலும் பெரும்பகுதி சிப்பைச் சாக்கெட்டிலிருந்து எளிதாகக் கழற்ற முடிந்ததால் நடந்தது. கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த பொருளைத் தொடக்கூடாத பொருளாக்குவது என்ன பக்தி? மிஸ் பேக்-மேனில் அதிகம் தொல்லை கொடுப்பதும் கேபிள் செருகும் அதே 40 கால் சாக்கெட்தான். அது தளர்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்து 'ஒரிஜினல்' என்று எழுதினால், உள்ளே இருப்பது ஓடாத போர்டு.

இரண்டு கூட்டமும் செய்வது ஒன்றேதான். எல்லாவற்றையும் மாற்று என்பவரும் போர்டைப் பார்ப்பதில்லை, எதையும் மாற்றாதே என்பவரும் பார்ப்பதில்லை. தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த வரை ஒவ்வொரு சாக்கெட்டும் தனி வழக்கு. அதற்குரிய விசாரணையும் ஒன்றும் பிரமாதமானதில்லை.

முதலில் சிப்பின் காலில் வோல்ட் அளக்க வேண்டும், சப்ளையில் இல்லை. அடுத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மீட்டரின் ஒரு முனையைச் சிப்பின் காலிலும் மறுமுனையைப் போர்டின் பின்பக்கம் அதே காலுக்குரிய ஈயப் புள்ளியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். சிப்பை லேசாக ஆட்டும்போது மீட்டர் தாவினால் அந்த சாக்கெட் குற்றவாளி. நாற்பது காலுக்கும் இதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகாது. பிறகு சிப்பை ஒரே ஒருமுறை கழற்றி, காலைச் சுத்தம் செய்து மாட்டிப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. கழற்றி மாட்டும்போது ஆக்ஸைடு சுரண்டப்பட்டு எந்த மோசமான சாக்கெட்டும் சில நாள் நன்றாக ஓடும். மறுபடி அதே இடத்தில் நோய் வந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கறுத்த கால் உள்ள சிப்பை அடிக்கடி கழற்றினால் கால் ஒடிந்து கையோடு வரும்.

மாற்றுவது என்று முடிவானால் முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, பின்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். மொத்தமாக இழுத்தால் இறுகிப் பிடித்திருக்கும் ஒரு பின் துளையையே பெயர்த்துக்கொண்டு வரும். என்னுடையதில் அப்படித்தான் வந்தது. துளையின் பூச்சு சந்தேகமாக இருந்தால், கடைசல் பிடித்த உருண்டைப் பின்கள் உள்ள மெஷின்டு பின் சாக்கெட் நல்லது, மேல் பக்கத்திலும் ஈயம் வைக்க இடம் கொடுக்கும். சிப்பின் கால்கள் ஏற்கெனவே நொய்ந்திருந்தால் இரு பக்கமும் தொடும் தகடு உள்ளதைப் போடுங்கள். உருண்டைப் பின் இறுகப் பிடிக்கும், நொய்ந்த காலை அடுத்த முறை விடாது. எது போட்டாலும், ஒன்றை மாற்றியதும் ஆன் செய்து பாருங்கள். அடுத்ததைத் தொடுவது அதற்குப் பிறகு. புதிதாக ஏதாவது கெட்டால் எதனால் என்று அப்போதாவது தெரியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு தருகிறேன். தினமும் மணிக்கணக்கில் ஓடிச் சம்பாதிக்கும் மெஷின், அதில் வரிசையாக ஒரே வகை ஒற்றைத் தகடு சாக்கெட்டுகள், ஒன்று இரண்டு என்று ஏற்கெனவே விழத் தொடங்கிவிட்டன, கையும் கருவியும் தேர்ந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்றால் எல்லாவற்றையும் மாற்றலாம். அங்கே துப்பு கிடைத்துவிட்டது, அந்த வகையே குற்றவாளி. அப்போதும் ஒவ்வொன்றாகத்தான்.

"சும்மா ஒரு பழைய விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவா?" என்று கேட்கலாம். நிரல் பத்திரமாக இருக்கிறது, நாளைக்கு இந்த போர்டு எரிந்தாலும் மிஸ் பேக்-மேன் அழியாது. ஆனால் அந்த நிரலை ஓட்டுவதற்கென்று அன்று செய்த போர்டுகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. ஒவ்வொரு வார இறுதியிலும் எங்கோ ஒரு மேசையில், நல்லெண்ணத்தோடும் சூடான அயர்னோடும் உட்காரும் ஒருவனால் அது குறைகிறது. அப்படி ஒன்றைக் குறைத்தவன் நான்.

என் போர்டு இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. பின்பக்கம் ஒன்பது நீலக் கம்பிகள், முன்பக்கம் ஏழு புத்தம்புது சாக்கெட்டுகள். பட்டைக் கோடுகளைச் சரிசெய்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வந்த ரீசெட் இப்போது நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. போன வாரம் அண்ணன் வந்திருந்தார். ஒரு ஆட்டம் ஆடினார். மூன்றாவது பிரமையில் பேய்களிடம் மாட்டிச் செத்தார். போர்டைத் திருப்பி நீலக் கம்பிகளைப் பார்த்தார்.

"பழைய சாக்கெட்ட வச்சிருக்கியா?" என்றார்.

தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன்.